புரதப் படலம் தரும் மின்சாரம்: வாக்குறுதியும் அளவீடும்

ஒளி பட்டால் மின்விளைவு காட்டும் பொருள்கள் நமக்குப் புதியவை அல்ல. செலினியத்தின் மின்தடை ஒளியில் குறைவதை 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கன் சூரிய மின்கலம் பிறந்தது. ஆனால், ஓர் உயிரிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைக் கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகப் பூசி, அதன்மீது ஒளியைப் பாய்ச்சினால் மின்துடிப்பு எழுகிறது என்பது முற்றிலும் வேறு வகையான செய்தி. கல்லிலும் உலோகத்திலும் கண்டதை உயிர்ப்பொருளிலும் காண்கிறோம் என்னும் வியப்பு அதில் இருக்கிறது.

அந்த வியப்பு நியாயமானதே. ஆனால் அதன்மேல் கட்டப்பட்ட மாளிகைகள் பல. இந்தப் படலத்தைக் கொண்டு கணினி செய்யலாம், நூலகங்களை ஒரு சிறு தட்டில் அடக்கலாம், சிலிக்கனுக்கு விடைகொடுக்கலாம் என்றெல்லாம் 1980கள் முதல் அறிவியல் இதழ்களும் நாளேடுகளும் எழுதிவந்தன. அந்தக் கணினி கடைக்கு வரவில்லை. ஆகவே, இது வெறும் ஆரவாரம் என்று தள்ளிவிடுவோரும் இப்போது உளர். இரண்டு முடிவுகளும் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. படலம் தரும் மின்விளைவு உண்மையானது. அதற்குப் பொருந்தாத அளவுகோலைக் கொண்டு அதை அளந்ததே பிழை. இதை வெறுங்கருத்தாகச் சொல்லாமல் கணக்கோடு பார்ப்போம்.

உப்பு நீரில் ஓர் ஊதாச் சவ்வு

கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி உப்பு விளைவிக்கும்போது, உப்பு முற்றி வரும் கட்டத்தில் நீர் இளஞ்சிவப்பாக மாறுவது உண்டு. உப்பிட்ட மீன் சில வேளைகளில் சிவந்து கெடுவதும் உண்டு. கடும் உப்பில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்கள் இந்நிறத்துக்குப் பெரும் காரணம். அவற்றுள் ஒன்று ஹாலோபாக்டீரியம் சலினாரம். பெயரில் பாக்டீரியம் இருப்பினும் அது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்ததன்று. ஆர்க்கியா என்னும் தனிப் பிரிவைச் சேர்ந்தது.

சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வால்தர் ஸ்டோக்கேனியஸ் இவ்வுயிரின் உறையை ஆராய்ந்துவந்தார். உறையைப் பகுத்தபோது ஊதா நிறத் துண்டுகள் தனியே பிரிந்தன. ஜெர்மனியிலிருந்து அங்கு வந்து சேர்ந்த டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட், அந்த ஊதா நிறத்துக்குக் காரணம் ரெட்டினால் என்னும் பொருள் எனக் கண்டார். ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-இன் நெருங்கிய உறவுப்பொருள். நம் கண்ணில் ஒளியை வாங்குவதும் அதுவே. விலங்குகளின் கண்ணில் மட்டும் இருப்பதாக எண்ணப்பட்ட அமைப்பு, கண்ணே இல்லாத நுண்ணுயிரில் கிடைத்தது. 1971இல் இருவரும் இதை வெளியிட்டனர். கண்ணிலுள்ள ரொடாப்சினை ஒத்ததால் இப்புரதத்துக்கு பாக்டீரியோரொடாப்சின் என்று பெயர் வந்தது.

248 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதம் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. ஒளியை வாங்கி, ஒரு புரோட்டானை உயிரணுவின் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. கிணற்று நீரை மேலே ஏற்றும் ஏற்றத்தைப் போன்றது இது. ஏற்றம் மிதிப்பவரின் இடத்தில் ஒளி இருக்கிறது. நீரின் இடத்தில் புரோட்டான் இருக்கிறது. வெளியே குவிந்த புரோட்டான்கள் மீண்டும் உள்ளே பாயும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, நுண்ணுயிர் தனக்கு வேண்டிய ஏ.டி.பி. என்னும் எரிபொருளைச் செய்துகொள்கிறது. உயிர்வளி குறைவாகக் கரையும் உப்பு நீரில் இது பெரிய வசதி.

படலமாவது எப்படி?

ஊதாச் சவ்வின் எடையில் முக்கால் பங்கு இப்புரதம். கால் பங்கு கொழுப்பு. புரத மூலக்கூறுகள் மும்மூன்றாகச் சேர்ந்து, தேன்கூட்டின் அறைகளைப் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இப்படி 2 லட்சம் சவ்வுகளை அடுக்கலாம்.

பெரும்பாலான புரதங்கள் உயிரணுவை விட்டு வெளியே எடுத்தால் விரைவில் கெட்டுவிடும். இது அவ்வாறன்று. நீரில் 80 பாகை செல்சியசுக்கு அருகிலும், உலர்ந்த படலமாக 140 பாகை வரையிலும் தன் நிறத்தையும் வடிவையும் காத்துக்கொள்கிறது. ஆகவேதான் ஆய்வாளர்கள் இதை விரும்பி எடுத்தனர்.

படலமாக்குவதில் ஒரே ஒரு பெரும் சிக்கல் உண்டு. சவ்வுத் துண்டுகளுக்கு இரண்டு முகங்கள்: உயிரணுவின் உட்பக்கம் பார்ப்பது ஒன்று, வெளிப்பக்கம் பார்ப்பது மற்றொன்று. துண்டுகளை நீரில் கலந்து கண்ணாடியில் ஊற்றி உலர்த்தினால், பாதி ஒரு முகமாகவும் பாதி மறுமுகமாகவும் படிந்துவிடும். மேலே தள்ளுவதும் கீழே தள்ளுவதும் ஒன்றையொன்று கழித்துவிட, வெளியே மின்விளைவு தெரியாது. எல்லாத் துண்டுகளையும் ஒரே முகமாகப் படிய வைப்பதே படலக் கலையின் உயிர்நாடி.

இதற்குச் சில வழிகள் கண்டனர். நீர்ப்பரப்பின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, கண்ணாடியைத் தோய்த்தெடுப்பது லாங்மியூர்–பிளாஜெட் முறை. சவ்வுத் துண்டுகளில் இயல்பாகவே மின் இருமுனைத் தன்மை இருப்பதால், மின்புலத்தில் வைத்து அவற்றைத் திருப்பி மின்வாயின்மேல் படிய வைப்பது மற்றொரு முறை. ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் கியோர்கி வாரோவும் லாயோஷ் கெஸ்தெலியும் இவ்விதம் உலர்ந்த படலங்களைச் செய்து, அவற்றின் மின்துடிப்புகளை 1983இல் விரிவாக வெளியிட்டனர். அதற்கும் முன்பே, 1974இல், மாஸ்கோவில் ஸ்குலாச்சேவ், டிராச்சேவ் குழுவினர் செயற்கைச் சவ்வில் இப்புரதத்தைச் சேர்த்து, ஒளியில் மின்னோட்டம் எழுவதை நேரடியாக அளந்து காட்டியிருந்தனர்.

விளக்கைப் போட்டதும் என்ன நடக்கிறது?

ஒளி பட்டதும் ரெட்டினாலின் நீண்ட சங்கிலி ஓரிடத்தில் முறுக்கித் திரும்புகிறது. இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கில் பாதி. அதைத் தொடர்ந்து புரதம் பல இடைநிலைகளைக் கடந்து, புரோட்டானைப் படிப்படியாக நகர்த்தி, மீண்டும் தொடக்க நிலைக்கு வருகிறது. இந்த முழுச் சுற்றுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு அளவு நேரம் பிடிக்கிறது. நடுவில் வரும் எம் என்னும் இடைநிலையில் படலம் ஊதா நிறத்தை இழந்து மஞ்சளாகும். எனவே ஒரே பொருளில் நிறமாற்றம், மின்மாற்றம் இரண்டும் சேர்ந்து நிகழ்கின்றன.

மின்துடிப்பை ஆராய்வோர் அதில் பல பகுதிகளைக் காண்கின்றனர். ஒளி பட்ட கணத்தில் மின்னூட்டம் மூலக்கூறுக்குள்ளேயே இடம் மாறுவதால் எழும் மிக வேகமான துடிப்பு ஒன்று. புரோட்டான் நகரும்போது எதிர்த்திசையில் எழும் மெதுவான துடிப்பு மற்றொன்று.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய முதற்செய்தி உண்டு. இரண்டு மின்வாய்களுக்கு இடையே இருக்கும் படலம், சூரிய மின்கலத்தைப் போல ஓயாது மின்னோட்டம் தருவதில்லை. விளக்கைப் போட்டால் ஒரு துடிப்பு. ஒளி நிலையாக இருந்தால் துடிப்பு தணிந்து ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகிறது. விளக்கை அணைத்தால் எதிர்த்திசையில் ஒரு துடிப்பு. காரணம் எளிது. உலோகக் கம்பியில் ஓடுவது எலெக்ட்ரான். படலம் நகர்த்துவதோ புரோட்டான். நகர்ந்த புரோட்டானை மின்வாய் வாங்கி அனுப்புவதில்லை. இது வாய்க்கால் இல்லாத ஏற்றம். நீர் மேலே வருகிறது. ஓட வழியின்றித் தேங்கி, திரும்பவும் கிணற்றிலேயே விழுகிறது. நாம் வெளியே அளப்பது மின்தேக்கியின் தட்டுகளில் தோன்றும் மாற்றத்தை மட்டுமே.

இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதுதான் பொதுமக்களுக்கான பல கட்டுரைகளின் முதற்குறை. ஒளியை மின்சாரமாக மாற்றும் புரதம் என்று எழுதிவிட்டால், படிப்பவர் மனத்தில் கூரைமேல் வைக்கும் மின்கலமே தோன்றும்.

அளந்தது புரதத்தின் மின்சாரம்தானா?

திறனாய்வு நோக்கில் இக்கேள்வி மிக முக்கியமானது. மெல்லிய படலத்தில் ஒளி பட்டு ஊசி அசைந்தால், அசைத்தது புரதம்தான் என்று உடனே முடிவு கட்டலாகாது. ஒளி படும் இடம் சூடாகும். சூட்டாலும் மின்னழுத்தம் எழும். படலத்தைத் தாங்கும் வெள்ளீய ஆக்சைடு தானே ஒரு குறைகடத்தி. அதற்கும் ஒளியில் சிறு விளைவு உண்டு. மேலும் இந்த ஆக்சைடுப் பரப்பு, அருகிலுள்ள நீரின் அமிலத்தன்மை மாறினாலே மின்னழுத்தம் காட்டக்கூடியது. புரதம் புரோட்டானை வெளியிட்டதும் மின்வாயின் அருகே அமிலத்தன்மை மாறுகிறது. மின்வாய் அதை உணர்கிறது. அப்போது கிடைக்கும் துடிப்பு புரதத்தால் விளைந்ததுதான். ஆனால் புரதத்துக்குள் நிகழ்ந்த மின்னூட்ட நகர்வின் நேர்ப்படம் அன்று. இவ்வேறுபாட்டை ஆய்வாளர்கள் 1990களில் நெடிது விவாதித்தனர்.

நல்ல ஆய்வுக்கட்டுரை இந்த ஐயங்களுக்கு நான்கு சோதனைகளால் விடை தருகிறது. முதலாவது, படலத்தை முகம் மாற்றிப் படிய வைத்தால் துடிப்பின் திசையும் மாற வேண்டும். இரண்டாவது, ரெட்டினாலை நீக்கி வெளுக்கச் செய்த படலத்தில் துடிப்பு எழக்கூடாது. மூன்றாவது, ஒளியின் நிறத்தை மாற்றிக்கொண்டே போனால், புரதம் மிகுதியாக ஒளியை உறிஞ்சும் 570 நானோமீட்டர் அருகே துடிப்பும் உச்சம் காட்ட வேண்டும். நான்காவது, மஞ்சள் ஒளியோடு நீல ஒளியையும் சேர்த்தால் எம் இடைநிலை திரும்பிவிடும். புரோட்டான் வந்த வழியே போகும். துடிப்பும் அதற்கேற்ப மாற வேண்டும். இந்நான்கும் நடந்தால் நம்பலாம். இவற்றுள் ஒன்றேனும் சொல்லப்படாத கட்டுரையை, அது எத்தனை பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தாலும், ஐயத்தோடு படிப்பதே முறை. இப்புரதத்தைப் பற்றிய அடிப்படை ஆய்வுகள் இச்சோதனைகளைத் தாங்கி நின்றவை. எனவே விளைவு மெய்யானது என்பதில் ஐயமில்லை.

ஒரு சிறு கணக்கு

இப்போது, இப்படலத்தை மின்கலமாகக் கொண்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிடுவோம். பள்ளி இறுதி வகுப்பு மாணவர் தாமே செய்து பார்க்கலாம்.

ஊதாச் சவ்வில் ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 11 சதுர நானோமீட்டர் இடம் பிடிக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 லட்சம் கோடி சதுர நானோமீட்டர்கள் உள்ளன. ஆகவே ஒற்றை அடுக்கில் ஏறத்தாழ 9 லட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு 100 முறை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புரோட்டானைத் தள்ளுவதாகக் கொண்டால், நொடிக்கு 900 லட்சம் கோடி மின்னூட்டங்கள் நகரும். ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது நொடிக்கு 6.24 லட்சம் கோடி மின்னூட்டங்கள். வகுத்துப் பார்த்தால் விடை ஏறத்தாழ 144 மைக்ரோ ஆம்பியர்.

இது மூலக்கூறு ஒன்றுகூட ஓய்வெடுக்காத கற்பனை நிலை. நடுப்பகல் வெயிலில் ஒரு மூலக்கூறு உண்மையில் வாங்கும் ஃபோட்டான்கள் நொடிக்குப் பத்து என்ற அளவிலேயே இருக்கும். ஏனெனில் தன்மேல் விழும் 570 நானோமீட்டர் ஒளியில் ஆயிரத்தில் இரண்டு பங்கையே ஒற்றை அடுக்கு உறிஞ்சுகிறது. வாங்கிய பத்திலும் ஆறளவே வேலை செய்யும். ஆகவே 144 என்பது 9 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே வெயிலில் அதே பரப்புள்ள நல்ல சிலிக்கன் மின்கலம் தருவது ஏறத்தாழ 35,000 மைக்ரோ ஆம்பியர். அதாவது, எல்லாம் நலமாக நடந்து, புரோட்டான்களுக்கு வாய்க்காலும் வெட்டிக் கொடுத்தாலும், சிலிக்கனில் ஏறத்தாழ 4,000இல் ஒரு பங்கு.

ஆயிரம் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். அடுக்குகள் தொடர் இணைப்பில் அமைந்த மின்கலங்களைப் போன்றவை. மின்னழுத்தம் கூடும்; மின்னோட்டம் கூடாது. கைவிளக்கில் மின்கலங்களை வரிசையாக அடுக்குவோர் இதை அறிவர்.

இக்கணக்கைச் செய்ய நுட்பமான கருவி எதுவும் தேவையில்லை. வேண்டிய எண்களும் 1970களின் இறுதிக்குள் பெரும்பாலும் தெரிந்தவையே. இருந்தும், புரதப் படலத்தால் வீட்டுக்கு மின்சாரம் என்ற பேச்சு பல ஆண்டுகள் தொடர்ந்தது.

மூன்று தலைமுறை வாக்குறுதிகள்

மின்கலமாகப் பயன்படாவிட்டாலும், செய்தியைப் பதிந்து வைக்கும் பொருளாகப் பயன்படும் என்ற எண்ணம் வலுவானது. ஊதா நிலை ஒன்று, மஞ்சள் நிலை மற்றொன்று. ஒன்றைச் சுழி என்றும் மற்றதை ஒன்று என்றும் கொள்ளலாம். சோவியத் நாட்டின் பூஷ்சினோ நகர ஆய்வாளர்கள் 1980களில் இப்புரதத்தைக் கொண்டு பயோகுரோம் என்னும் ஒளிப்பதிவுப் படலங்களைச் செய்தனர். ஜெர்மனியில் நோர்பர்ட் ஹாம்ப், கிறிஸ்டோப் பிராய்க்லே ஆகியோர் புரதத்தின் 96ஆம் அமினோ அமிலத்தை மாற்றி, மஞ்சள் நிலையை நீண்ட நேரம் நிற்க வைத்து, அழித்து அழித்து எழுதக்கூடிய முப்பரிமாணப் பதிவுப் படலங்களை உருவாக்கினர். இவை பொய்யான வேலைகள் அல்ல, செய்து காட்டப்பட்டவை.

அடுத்த தலைமுறை வாக்குறுதி பெரிது. அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிர்ஜ், 1995 மார்ச் மாத சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் புரதக் கணினிகளைப் பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. புரதத்தைக் கூழ் போன்ற பொருளில் கலந்து கனசதுரமாக்கி, இரண்டு லேசர்க் கற்றைகள் குறுக்கிடும் இடத்தில் செய்தியை எழுதுவது அவர் திட்டம். தட்டில் எழுதாமல் கனத்தில் எழுதுவதால் இடம் மிகுதி. சிந்தனை அழகானது, விளக்கமும் தெளிவானது. ஆயினும் அக்கட்டுரை கிளறிய நம்பிக்கை, மேசைமேல் நடந்த சோதனையை வெகுதூரம் முந்திச் சென்றது. மூன்றாவது தலைமுறை 2006இல் வந்தது. புரதம் பூசிய ஒரு தட்டில் 50 டெராபைட் செய்தியை அடக்கலாம் என்ற செய்தி அவ்வாண்டு நாளேடுகளில் பரவியது. அத்தகைய தட்டு விற்பனைக்கு வந்ததில்லை.

இவ்வாக்குறுதிகளைப் பற்றி எழுதியோர் செய்த வாதப்பிழைகள் நான்கு. அவை இப்புரதத்தோடு முடிவன அல்ல. எனவே விரித்துச் சொல்லலாம்.

முதலாவது, வேகத்தைப் பற்றியது. ரெட்டினால் திரும்பும் நேரத்தை எடுத்துக்கொண்டு, இதுவே இக்கணினியின் வேகம் என்றனர். ஆனால் மூலக்கூறு அடுத்த வேலைக்கு ஆயத்தமாக, முழுச்சுற்று முடிய வேண்டும். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாடு 2,000 கோடி மடங்கு. துப்பாக்கியிலிருந்து குண்டு புறப்படும் வேகத்தைச் சொல்லிவிட்டு, மீண்டும் மருந்து திணிக்கும் நேரத்தை மறைப்பது போன்றது இது.

இரண்டாவது, அளவைப் பற்றியது. மூலக்கூறு சில நானோமீட்டரே உள்ளது. ஆகவே ஒரு மூலக்கூறில் ஒரு செய்தி என்றனர். ஆனால் எழுதுவதும் படிப்பதும் ஒளியைக் கொண்டு. சாதாரண வில்லையால் ஒளியை ஏறத்தாழ அதன் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே குவிக்க இயலாது. 300 நானோமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் ஓர் அடுக்கிலேயே 6,000 மூலக்கூறுகள் அடங்கிவிடும். எழுதுகோலின் முனை தடித்திருக்கத் தாள் எத்தனை நுண்ணியதாக இருந்து என்ன பயன்?

மூன்றாவது, இயற்கையைப் பற்றியது. பரிணாமம் நெடுங்காலம் செதுக்கிய புரதம் என்பதால் கருவிக்கும் சிறந்தது என்றனர். பரிணாமம் செதுக்கியது உப்பு நீரில் ஓர் உயிர் பிழைக்கும் பொருட்டு. நம் கம்பிக்கும் தட்டுக்கும் அது பொறுப்பாகாது. படலத்தை மிகவும் உலர்த்தினால் சுற்று மந்தமாகிறது. ஈரப்பதமும் அமிலத்தன்மையும் மாறினால் துடிப்பின் உருவமே மாறுகிறது. நுண்ணுயிருக்கு இவை இடையூறு அல்ல, தொழிற்சாலைக்கு இடையூறு.

நான்காவது, போட்டியாளரைப் பற்றியது. புரதம் பத்தாண்டுக்குப் பின் எட்டக்கூடிய நிலையை, சிலிக்கனும் காந்தத் தட்டும் அன்று இருந்த நிலையோடு ஒப்பிட்டனர். எதிராளி ஓடாமல் நின்றுகொண்டிருப்பான் என்று கருதிப் போட்ட பந்தயம் அது. அவன் நிற்கவில்லை.

குறையே குணமான இடம்

இனி மறுபக்கம். 1992இல் ஜப்பானின் ஃபூஜி ஒளிப்படச் சுருள் நிறுவனத்தைச் சேர்ந்த சுடோமு மியாசகா, கோயாமா, இத்தோ ஆகிய மூவர் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெள்ளீய ஆக்சைடு மின்வாயின்மேல் புரதப் படலம், அதன்மேல் கூழ்நிலை மின்பகுளி, அப்பால் எதிர் மின்வாய். இவ்வாறு 64 புள்ளிகளை அடுக்கி ஓர் உருவத்தை உணரச் செய்தனர். இவர்கள் படலத்தை மின்கலமாக்க முயலவில்லை. ஒளி மாறும்போது மட்டும் துடிக்கிறது என்ற அதன் இயல்பையே எடுத்துக்கொண்டனர். நிலையாக நிற்கும் பொருளுக்குப் படலம் பேசாமலிருக்கும். அசையும் பொருளின் விளிம்பு கடக்கும்போது துடிக்கும். விழித்திரையின் நரம்புகளும் மாற்றத்துக்கே மிகுதியாக விடையளிக்கின்றன. மின்கலம் என்னும் அளவுகோலில் குறையாக நின்றது, கண் என்னும் அளவுகோலில் குணமாகிவிட்டது. இத்துறையின் கட்டுரைகளுள் சிந்தனைத் தெளிவால் இதை முன்வரிசையில் வைக்கலாம்.

மியாசகாவின் பிற்கால வரலாறும் பாடமாக அமைவது. ஒளியையும் மின்வாயையும் விடாமல், பொருளை மட்டும் மாற்றிக்கொண்டு, அவர் குழுவினர் 2009இல் பெரோவ்ஸ்கைட் என்னும் படிகத்தைக் கொண்டு சூரிய மின்கலம் செய்தனர். அன்று அதன் திறன் 3.8 விழுக்காடு. பிறர் கைகளில் அது இன்று 25 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. மின்சாரம் வேண்டுமென்றால் அதற்கேற்ற பொருளிடம் போக வேண்டும் என்பதை அவர் செயலால் காட்டினார்.

பார்வை இழந்தோருக்காக இப்புரதத்தைச் செயற்கை விழித்திரையாக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. 200 அடுக்குகள் கொண்ட படலத்தைச் சீராகச் செய்வதற்கு, எடையற்ற நிலை உதவுமா என்று 2018 இறுதி முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சோதித்துவருகின்றனர். பிர்ஜின் ஆய்விலிருந்து கிளைத்த முயற்சி இது. இங்கே படலம் கம்பிக்கு மின்னோட்டம் தர வேண்டியதில்லை. அருகிலுள்ள நரம்பணுக்களைத் தூண்டும் அளவுக்கு அயனிகளை நகர்த்தினால் போதும். அது புரதத்துக்குத் தெரிந்த வேலை. எனவே கேள்வி சரியான கேள்வி. ஆயினும் இது ஆய்வு நிலையிலுள்ள முயற்சியே. மேலே சொன்ன கண்டிப்போடுதான் இதையும் பார்க்க வேண்டும்.

எண்ணாமல் கிடைத்த விளைச்சல்

வாக்களித்த கணினி வராத அதே காலத்தில், யாரும் வாக்களிக்காத பயன்கள் வந்து சேர்ந்தன. 1974இல் ஈஃபிரேம் ராக்கரும் ஸ்டோக்கேனியசும் உப்பு நுண்ணுயிரின் ஊதாப் புரதத்தையும், மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஏ.டி.பி. செய்யும் நொதியையும் ஒரே செயற்கைக் குமிழில் வைத்து ஒளியைப் பாய்ச்சினர். ஏ.டி.பி. உண்டாயிற்று. இரண்டு பொருள்களுக்கும் இடையே புரோட்டானைத் தவிர வேறு தொடர்பு இருக்க முடியாது. புரோட்டான் வேறுபாடே உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்று பீட்டர் மிட்செல் 1961 முதல் சொல்லிவந்ததற்கு இது வலுவான சான்று. 1978இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

1975இல் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் ஊதாச் சவ்வின் தேன்கூட்டு ஒழுங்கைப் பயன்படுத்தி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் புரதத்தின் ஏழு சுருள்களைக் கண்டனர். 1990இல் ஹெண்டர்சன் அணு அளவிலான மாதிரியைத் தந்தார். 2017இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசின் வேர் இங்கே இருக்கிறது. இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஹர் கோவிந்த் கொரானாவும் நோபல் பரிசுக்குப் பின் தம் ஆய்வுக்கூடத்தை இப்புரதத்தின்பால் திருப்பி, அதன் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, எது என்ன செய்கிறது என்று கண்டறிந்தார்.

எல்லாவற்றிலும் பெரியது இது. இப்புரதத்தின் உறவினர்கள் பாசிகளிலும் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை நரம்பணுவில் சேர்த்து, ஒளியால் நரம்பைத் தூண்ட முடியும் என்று 2005இல் காட்டினர். மூளை ஆராய்ச்சியின் முகமே மாறிற்று. 2021இல் ஓஸ்டர்ஹெல்ட், ஹெகமான், டைசராத் மூவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. அதே ஆண்டில், பார்வை இழந்த ஒருவரின் விழித்திரையில் இத்தகைய புரதத்தின் மரபணுவைச் செலுத்தி, தனிக் கண்ணாடியின் உதவியோடு மேசைமேலுள்ள பொருளை அவர் கண்டுகொள்ளச் செய்த செய்தியும் வந்தது. உப்பு நீரின் நிறத்துக்குக் காரணம் தேடத் தொடங்கியபோது இதை எவரும் எண்ணியிருக்க முடியாது.

படிப்போர்க்கு

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தீர்ப்பு என்ன? ஆய்வு பயனுடையது, அதைப் பற்றிய எழுத்தே பலமுறை தவறியது. வருங்காலக் கருவியைக் காட்டினால்தான் மக்கள் படிப்பார்கள், அரசு பணம் தரும் என்ற எண்ணம், ஆய்வாளரையும் எழுத்தாளரையும் ஒருசேரப் பிடித்திருக்கிறது. அதன் விலையைச் செலுத்துபவர் மாணவர். வாக்குறுதியை நம்பி ஒரு துறைக்கு வந்து, அது நிறைவேறாதபோது துறையையே வெறுக்கிறார். ஏற்றம் நன்றாகவே இறைக்கிறது. வாய்க்கால் எங்கே என்று கேட்கத்தான் அவருக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை.

ஆகவே, புதிய பொருளைப் பற்றிய வியத்தகு செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். சொல்லப்படும் எண் முழு வேலைக்குரியதா, அதன் ஒரு கணத்துக்குரியதா? மூலக்கூறின் அளவைச் சொல்கிறார்களா, கருவியின் அளவைச் சொல்கிறார்களா? விளைவு அப்பொருளால்தான் வந்தது என்பதற்கு என்ன எதிர்ச்சோதனை செய்தார்கள்? ஒப்பிடப்படும் பழைய பொருள் அதற்குள் எவ்வளவு முன்னேறியிருக்கும்? விடைகள் செய்தியிலேயே இருந்தால் மகிழ்ந்து படியுங்கள். இல்லையெனில் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 11 சதுர நானோமீட்டரில் தொடங்கி 144 மைக்ரோ ஆம்பியரில் முடிந்த கணக்கைப் போல, பாதி உண்மை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.